28 ஹோம் ரன் மட்டுமே அடித்த ஓசி ஸ்மித் எப்படி ஜாம்பவான் ஆனார்?

கேள்வி இது: "பேஸ்பாலில் எல்லாரும் ஹோம் ரன்னைத்தான் கொண்டாடுகிறார்கள். 19 சீசன் ஆடி மொத்தமே 28 ஹோம் ரன் அடித்த ஓசி ஸ்மித்தை ஏன் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள்? வெறும் ஃபீல்டிங்கை வைத்து ஹால் ஆஃப் ஃபேம் வரை போய்விட முடியுமா?"

முடியும். (ஹோம் ரன் என்றால் பந்தை எல்லைச் சுவருக்கு மேலே அடிப்பது, கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி. ஹால் ஆஃப் ஃபேம் என்பது மிகச் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான கௌரவப் பட்டியல்.) ஆனால் ஸ்மித் போனது ஃபீல்டிங்கால் மட்டுமில்லை. அதைவிட முக்கியமான ஒரு விஷயமும் உண்டு. அவருடைய குட்டிக்கரணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய தோள்பட்டையைப் பற்றிப் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் கதையே அந்தத் தோளில்தான் இருக்கிறது.

முதலில் அவர் நின்ற இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பேஸ்பால் மைதானத்தின் உள்பகுதி நான்கு மூலை கொண்ட வைரம் மாதிரி. ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு 90 அடி, அதாவது 27 மீட்டர் சொச்சம். இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்பவர்தான் ஷார்ட்ஸ்டாப். பேட்டர்களில் பெரும்பாலோர் வலதுகைக்காரர்கள், அவர்கள் இழுத்து அடிக்கும் தரைப்பந்துகள் அந்தப் பக்கமாகத்தான் நிறைய வரும். பந்து மட்டையில் பட்ட கணமே பேட்டர் முதல் பேஸை நோக்கி ஓட ஆரம்பிப்பார். சுமாராக ஓடுகிறவருக்கே நாலரை வினாடிக்குள் வேலை முடிந்துவிடும். அதற்குள் ஷார்ட்ஸ்டாப் பந்துக்கு ஓடி, குனிந்து எடுத்து, மைதானத்துக்குக் குறுக்கே 35, 40 மீட்டர் தூரம் எறிந்து முடிக்க வேண்டும். கொஞ்சம் தடுமாறினாலும் பேட்டர் பேஸில் நிற்பார். கிரிக்கெட்டில் பாயின்ட்டில் ஒரு பந்தை விட்டால் பெரும்பாலும் ஒன்றிரண்டு ரன்னோடு போகும். இங்கே கைக்கு வந்த விக்கெட் போன மாதிரி.

அதனால் ஷார்ட்ஸ்டாப் என்றால் பீரங்கி மாதிரிக் கை இருக்க வேண்டும் என்பது பழைய நம்பிக்கை. ஸ்மித்துக்கு அப்படிப்பட்ட கை இல்லை. இருந்த கையும் 1985க்குப் பிறகு பழுதாகிவிட்டது.

பிறந்தது 1954 டிசம்பர் 26, அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரில். முழுப் பெயர் ஆஸ்போர்ன் ஏர்ல் ஸ்மித். ஆறு பிள்ளைகளில் இரண்டாவது. அவருக்கு ஆறு வயதாக இருக்கும்போது குடும்பம் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அப்பா லாரி ஓட்டினார், அம்மா முதியோர் இல்லத்தில் உதவியாளர். 1965 ஆகஸ்டில் வாட்ஸ் கலவரம் வெடித்தபோது ஓசிக்குப் பத்து வயது. குண்டு எதுவும் வந்து பட்டுவிடக் கூடாது என்று வீட்டில் எல்லாரும் தரையில் படுத்துத் தூங்கினார்கள்.

விளையாட ஆள் இல்லாதபோது அந்தப் பையன் என்ன செய்தான் என்பதில்தான் பின்னாளைய ஷார்ட்ஸ்டாப் ஒளிந்திருக்கிறார். வீட்டின் கூரைக்கு மேலாகப் பந்தை எறிந்துவிட்டு, அது மறுபக்கம் விழுவதற்குள் சுற்றி ஓடிப் பிடிக்கப் பார்ப்பான். பிடிக்கவே முடியாது, ஆனாலும் விடமாட்டான். மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு பந்தை மேலே போட்டுப் பிடிப்பான். வாசலின் சிமென்ட் படிக்கட்டில் பந்தை அடித்து, திரும்பி வருவதைப் பிடித்தபடியே ஒவ்வொரு அடியாகக் கிட்டே போவான். எவ்வளவு கிட்டே போகிறானோ அவ்வளவு வேகமாகக் கை வேலை செய்ய வேண்டும். பக்கத்து மரக்கடையில் மரத்தூள் குவியல் இருந்தது. டயர் ட்யூபில் எம்பி, அந்தக் குவியலில் குட்டிக்கரணம் போட்டுப் பழகினதும் அப்போதுதான். பஸ் ஏறி ஒரு மணி நேரம் பயணம் செய்து டாட்ஜர் ஸ்டேடியத்துக்கு ஆட்டம் பார்க்கவும் போவான். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் தீவிர ரசிகன் அந்தப் பையன்.

லாக் உயர்நிலைப் பள்ளியில் அவரோடு ஒரே அணியில் ஆடியவர் எடி முர்ரே. பின்னாளில் 500 ஹோம் ரன் தாண்டி அடித்து, அவரும் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். பள்ளி முடிந்ததும் முர்ரேயை பால்டிமோர் அணி கொத்திக்கொண்டு போனது. ஸ்மித்தை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒல்லிப் பையன், அடியில் வலு இல்லை. கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் உள்ள கால் பாலி கல்லூரியில் படிப்புக்குக் கிடைத்த உதவித்தொகையோடு சேர்ந்தார். பேஸ்பால் அணிக்கு யாரும் அழைக்கவில்லை, அவராகப் போய் நின்றார். அணியின் ஷார்ட்ஸ்டாப் கால் உடைந்து படுத்துவிட, இடம் காலியானது. பயிற்சியாளர் பெர்டி ஹார் அவருக்கு இடதுபக்கம் நின்று அடிக்கவும் சொல்லிக்கொடுத்தார். வலது, இடது இரண்டு பக்கமும் அடிக்கிறவரை ஸ்விட்ச் ஹிட்டர் என்பார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

புது ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக எடுக்கும் டிராஃப்டில், 1976இல் டெட்ராய்ட் டைகர்ஸ் அவரை ஏழாவது சுற்றில் தேர்ந்தெடுத்தது. பணத்தில் ஒத்துவரவில்லை. ஸ்மித் கேட்டது 10,000 டாலர், டைகர்ஸ் தருவதாகச் சொன்னது 8,500. கல்லூரிக்கே திரும்பினார். அடுத்த வருடம் சான் டியேகோ பாட்ரேஸ் நான்காவது சுற்றில் எடுத்தபோது கையெழுத்துப் போட்டது வெறும் 5,000 டாலருக்கு! கீழ்நிலை லீகில் 68 ஆட்டம், அவ்வளவுதான். 1978 ஏப்ரலில் நேரே உச்ச லீகான மேஜர் லீகில் இறங்கிவிட்டார். மற்றவர்கள் மூன்று நான்கு வருடம் சிறு ஊர்களில் பஸ்ஸில் அலைந்து வருகிற பாதை அது.

வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 20, எதிரே அட்லான்டா பிரேவ்ஸ். பேட்டர் ஜெஃப் பரோஸ் பந்தை நடுவில், இரண்டாவது பேஸ் பக்கமாகத் தரையோடு அடித்தார். ஸ்மித் இடதுபக்கம் ஓடிப் பாய்ந்துவிட்டார். உடம்பு காற்றில் இருக்கும்போது பந்து தரையில் எதிலோ பட்டுக் குதித்து, அவர் நினைத்த பாதையை விட்டு அவருக்குப் பின்னால் விலகியது. கையுறை போட்ட இடது கை முன்னே நீண்டிருக்கிறது, அதைத் திருப்ப நேரமில்லை. பாய்ந்த நிலையிலேயே வெறும் வலது கையைப் பின்பக்கம் நீட்டிப் பந்தைப் பிடித்தார். தரையில் விழுந்து துள்ளி எழுந்து எறிந்தார், பரோஸ் அவுட். அந்த வீடியோவைத் தேடிப் பாருங்கள். பாய்ந்ததைவிட, விழுந்ததற்கும் எறிந்ததற்கும் நடுவே இடைவெளியே இல்லாததுதான் என்னை அசத்துகிறது. மேலே இருந்தபோதே எழுவதற்குத் தயாராகிவிட்டார் போல.

அந்த சீசனின் கடைசி நாளில் ரசிகர்களுக்காக ஒரு குட்டிக்கரணம் போட்டுக் காட்டச் சொன்னார்கள். போட்டார். அது அவருடைய அடையாளமாகவே ஒட்டிக்கொண்டது. பிறகு விசேஷ நாட்களில் தன் இடத்துக்கு ஓடிப்போகும்போது பின்பக்கமாக ஒரு கரணம் அடித்துவிட்டுத்தான் நிற்பார். ஓசி என்பது ஓஸ் என்று சுருங்கி, விசார்ட், அதாவது மாயாவி என்ற பட்டப்பெயரும் வந்து சேர்ந்தது. இதெல்லாம் பார்க்க அழகுதான். ஆனால் இந்த வித்தையால் அவரை ஒரு சர்க்கஸ்காரராகவே நினைத்துக்கொண்டவர்களும் உண்டு.

பேட்டிங்? பரிதாபம். 1979 சீசனைத் தொடங்கி முதல் 32 முறை மட்டையோடு இறங்கி ஒரு ஹிட்கூட இல்லை, அதாவது அடித்துவிட்டு ஓடிப் பத்திரமாக பேஸைத் தொட்டதே இல்லை. அந்த வருடச் சராசரி .211. அதாவது ஆயிரத்துக்கு 211 ஹிட். இந்த அடியோடு வேறு இடத்தில் ஆடியிருந்தால் மூட்டை கட்டி அனுப்பியிருப்பார்கள். ஆனால் 1980இல் ஷார்ட்ஸ்டாப்பாக 621 அசிஸ்ட். அதாவது அத்தனை அவுட்டுக்கு அவர் எறிந்த பந்து காரணம். ஒரே சீசனில் எந்த ஷார்ட்ஸ்டாப்பும் அவ்வளவு செய்ததில்லை. அந்த வருடம்தான் சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு கிளவ் விருது முதன்முறை கிடைத்தது. 1992 வரை ஒரு வருடம்கூட விடாமல் 13 முறை அதை வாங்கினார். ஷார்ட்ஸ்டாப்களில் இத்தனை முறை வாங்கியவர் வேறு யாரும் இல்லை.

சான் டியேகோவில் சம்பளத் தகராறு முற்றியது. அணியின் உரிமையாளர் மெக்டொனால்ட்ஸ் புகழ் ரே க்ராக். ஸ்மித்தின் ஏஜென்ட் உள்ளூர்ப் பத்திரிகையில், என் வாடிக்கையாளருக்குப் பகுதிநேர வேலை தேவை என்று விளம்பரமே கொடுத்தார். பதிலுக்கு க்ராக்கின் மனைவி, எங்கள் தோட்டத்தில் உதவித் தோட்டக்காரர் வேலை இருக்கிறது, வரட்டும் என்றார். இரண்டு தரப்பும் கௌரவமாக நடந்துகொள்ளவில்லை என்பது என் எண்ணம்.

அதே நேரம் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் வேறு ஒரு தலைவலி. அங்கே ஷார்ட்ஸ்டாப் கேரி டெம்பிள்டன், அருமையான பேட்டர். 1979இல் வலதுபக்கம் நின்று நூறு, இடதுபக்கம் நின்று நூறு என்று ஹிட் அடித்த முதல் ஆள். ஆனால் 1981 ஆகஸ்டில் தன்னைக் கிண்டல் செய்த சொந்த ஊர் ரசிகர்களைப் பார்த்து ஆபாசமாகச் சைகை காட்டிவிட்டார். மேலாளர் வைட்டி ஹெர்சாக் அவரைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனதைக் கூட்டமே பார்த்தது. அதற்கு மேல் அவர் அந்த ஊரில் இருக்க முடியாது. ஆக, அடிக்கத் தெரிந்த ஷார்ட்ஸ்டாப்பைக் கொடுத்து, பிடிக்கத் தெரிந்த ஷார்ட்ஸ்டாப்பை வாங்கும் பேரம் ஆரம்பித்தது. ஸ்மித்தின் சம்மதம் இல்லாமல் அவரை மாற்ற முடியாது என்று ஒப்பந்தத்தில் இருந்ததால் ஹெர்சாக்கே சான் டியேகோவுக்கு விமானம் ஏறிப் போய்ப் பேசினார். 1982 பிப்ரவரியில் பேரம் முடிந்தது.

ஹெர்சாக்கின் கணக்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும், உங்கள் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது. செயின்ட் லூயிஸின் புஷ் ஸ்டேடியம் பெரிய மைதானம், எல்லைச் சுவர் தூரம். அங்கே ஹோம் ரன்னை நம்பி அணி கட்டினால் பந்து பாதி வழியில் கையில் விழும். தரையோ செயற்கைப் புல், பந்து சறுக்கிக்கொண்டு ஓடும். அதனால் அவர் வேகமாக ஓடுகிறவர்களையும் நன்றாகப் பிடிக்கிறவர்களையும் சேர்த்தார். எதிரணிக்கு ஒரு ரன் கொடுக்காமல் தடுப்பதும் நாம் ஒரு ரன் எடுப்பதும் ஸ்கோர்போர்டில் ஒன்றுதான் என்பது அவருடைய வாதம். 1982இல் கார்டினல்ஸ் சீசன் முழுக்க அடித்தது 67 ஹோம் ரன், மேஜர் லீகிலேயே மிகக் குறைவு. மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் எதிரே வந்த மில்வாக்கி ப்ரூவர்ஸ் அடித்தது 216. ஏழு ஆட்டத் தொடரில் ஜெயித்தது கார்டினல்ஸ்.

ஸ்மித்தின் பேட்டிங்கைத் திருத்த ஹெர்சாக் பிடித்த வழி ஒரு பந்தயம். பந்தை உயரத் தூக்கி அடித்தால் ஸ்மித் ஒரு டாலர் தர வேண்டும், தரையோடு அடித்தால் ஹெர்சாக் ஒரு டாலர் தருவார். உயரப் போகும் ஸ்மித்தின் பந்து கையில்தான் விழும், அதற்கு மேல் போகிற வலு அவருக்கு இல்லை. தரையோடு போனால் அந்தப் புல்லில் இடைவெளியில் நழுவும், இல்லாவிட்டாலும் ஓடியே பேஸைத் தொட்டுவிடுவார். சீசன் முடிவில் ஹெர்சாக் பாக்கெட்டிலிருந்து கிட்டத்தட்ட 300 டாலர் போய்விட்டது. மேலாளருக்கு அதில் வருத்தம் இருந்திருக்காது.

சரி, இப்போது 1985. அந்த ஜூலையில் புஷ் ஸ்டேடியத்தில், பழைய அணியான பாட்ரேஸுக்கு எதிரான ஆட்டம் ஒன்றில் ஸ்மித்தின் வலது தோளில் அடிபட்டது. தோளைச் சுற்றிப் பிடித்திருக்கும் தசைநாரில் கிழிசல். எறிந்து பிழைக்கிற ஒருவருக்கு இதைவிட மோசமான செய்தி இருக்க முடியாது. அறுவை சிகிச்சை செய்துகொண்டால் திரும்ப எப்படி எறிவோமோ என்ற பயம். வேண்டாம் என்று விட்டுவிட்டு, முன்கையைப் பலப்படுத்த எடை தூக்க ஆரம்பித்தார், எறியும் முறையையே மாற்றிக்கொண்டார், முடிந்தவரை விஷயத்தை வெளியே விடவும் இல்லை. எதிரணிக்குத் தெரிந்தால் ஒவ்வொரு ஓட்டக்காரரும் கூடுதலாக ஒரு பேஸ் ஓடிப் பார்ப்பார்கள் அல்லவா?

கிழிந்த தோளோடு இன்னும் ஏழு கோல்டு கிளவ். எப்படி? கையில் இல்லாததைக் காலிலும் நேரத்திலும் ஈடுகட்டினார். பேட்டர் மட்டையைச் சுழற்றும் விதத்தையும் பிட்சர் போடும் பந்தையும் பார்த்து, பந்து படுவதற்கு முன்பே உடம்பை அந்தப் பக்கம் சாய்த்துவிடுவார். பந்தைக் கையுறையில் பிடிப்பதற்கும் வலது கைக்கு மாற்றுவதற்கும் நடுவில் பிரிக்க முடியாத அளவுக்கு வேகம். தூரம் அதிகமென்றால் செயற்கைப் புல்லில் ஒரு குத்து விட்டு முதல் பேஸுக்கு எறிவார். இது சின்சினாட்டியின் டேவ் கன்செப்சியான் ஏற்கெனவே காட்டிய வழி. பரோஸுக்கு எதிரான கேட்ச் நூறு தடவை ஒளிபரப்பாகியிருக்கும். ஆனால் சாதாரணமாகத் தெரிகிற ஒரு தரைப்பந்தை அரை அடி முன்னால் வந்து எடுத்து அரை வினாடி மிச்சம் பிடிப்பதை எந்தத் தொகுப்பு வீடியோவிலும் போடமாட்டார்கள். அதுதான் நிஜத் திறமை.

தோள் கிழிந்த அதே சீசனின் அக்டோபரில்தான் அவருடைய மிகப் பிரபலமான தருணம் வந்தது, அதுவும் மட்டையால். மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் இறுதித் தொடர், எதிரே டாட்ஜர்ஸ். ஆமாம், பஸ் ஏறிப் போய்ப் பார்த்த அதே டாட்ஜர்ஸ். தொடர் 2-2 சமநிலை. ஐந்தாவது ஆட்டம், கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் கார்டினல்ஸ் அடிக்கும் முறை, ஸ்கோரும் 2-2. பந்து போட்டது வலதுகைக்காரரான டாம் நீடன்ஃபியர், அதனால் ஸ்மித் இடதுபக்கம் நின்றார். மேஜர் லீகில் அதுவரை இடதுபக்கம் நின்று கிட்டத்தட்ட மூவாயிரம் முறை அடிக்க முயன்றும் ஒரு ஹோம் ரன்கூட இல்லை. உள்ளே வந்த பந்தை இழுத்தார், அது வலதுபக்கக் கோட்டை ஒட்டிப் பறந்து சுவருக்கு மேலே கான்கிரீட் தூணில் மோதியது. ஆட்டம் முடிந்தது. வர்ணனையாளர் ஜாக் பக், பைத்தியமாகுங்கள் மக்களே என்று கத்தியது செயின்ட் லூயிஸில் இன்றும் வயசானவர்களுக்கு மனப்பாடம். தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான், .435 சராசரியோடு. உலகத் தொடரில் கான்சஸ் சிட்டியிடம் ஏழு ஆட்டத்தில் தோற்றார்கள், ஆறாவது ஆட்டத்தில் முதல் பேஸில் நடுவர் கொடுத்த தவறான தீர்ப்பைப் பற்றி செயின்ட் லூயிஸ்காரர்களிடம் பேச்செடுக்காமல் இருப்பது நல்லது.

அடிக்கத் தெரியாதவர் என்ற பேச்சை முடித்து வைத்தது 1987. மேக்கி ஷில்ஸ்டோன் என்ற பயிற்சியாளரிடம் உடம்பைத் தேற்றியிருந்தார். அந்த வருடம் சராசரி .303, அணிக்கு எடுத்துக் கொடுத்த ரன் 75, பிட்சர் பந்து போடும்போதே அடுத்த பேஸுக்கு ஓடித் திருடிய பேஸ் 43, எல்லைக்கு வெளியே வந்த நான்கு பந்துகளை ஆடாமல் விட்டு முதல் பேஸுக்கு வாங்கிய நடை 89, மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டாகும் ஸ்ட்ரைக் அவுட் 36 மட்டும். ஹோம் ரன்? பூஜ்யம். லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் தேர்தலில் இரண்டாமிடம் வந்தார். முதலிடம் 49 ஹோம் ரன் அடித்த ஆண்ட்ரே டாசனுக்குப் போனது, அவருடைய சிகாகோ கப்ஸ் தன் பிரிவில் கடைசி. ஸ்மித்தின் அணி லீகையே வென்றிருந்தது. அந்த ஓட்டெடுப்பு தப்பு என்று இன்றைக்கும் சொல்வேன். 1988இல் 23 லட்சத்து 40 ஆயிரம் டாலரோடு நேஷனல் லீகிலேயே அதிகச் சம்பளம் வாங்கியவர் ஸ்மித்தான். ஹோம் ரன்னே அடிக்காத ஒருவருக்கு இந்தத் தொகை என்பது அன்றைக்குப் பெரிய பேச்சு.

கடைசிக் காலம் அவ்வளவு இனிமையாக இல்லை. 1996இல் புதிய மேலாளராக டோனி லா ரூசா வந்தார், இளைஞரான ராய்ஸ் கிளேட்டனை ஷார்ட்ஸ்டாப்பாக வாங்கி வைத்திருந்தார்கள். போட்டி போட்டு ஜெயித்தால் இடம் உனக்கே என்று தன்னிடம் சொல்லப்பட்டதாகவும், பயிற்சி ஆட்டங்களில் தான் நன்றாக ஆடியும் இடம் கிளேட்டனுக்குப் போனதாகவும் ஸ்மித்துக்குக் கடும் வருத்தம். லா ரூசா தன் முடிவில் நியாயம் இருந்ததாகவே சொல்லிவந்தார். 41 வயது ஷார்ட்ஸ்டாப்பை மேலாளர் தினமும் இறக்கத் தயங்கியது எனக்குப் புரிகிறது, முதலிலேயே முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம் என்பதும் உண்மை. ஜூன் மாதம் ஓய்வை அறிவித்தார். அந்தக் கடைசி வருடத்திலும் 82 ஆட்டத்தில் .282 அடித்தார். லா ரூசா 2011இல் விலகும்வரை ஸ்மித் அந்த அணியின் பக்கம் ஒதுங்கியே இருந்தார், அடுத்த வருடம்தான் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார்.

மொத்தக் கணக்கு: 2,573 ஆட்டம், 2,460 ஹிட், 580 திருடிய பேஸ், சராசரி .262. ஷார்ட்ஸ்டாப்பாக 8,375 அசிஸ்ட், இதை இன்னும் யாரும் தாண்டவில்லை. ஆல் ஸ்டார் அணியில் 15 முறை. 2002இல் ஹால் ஆஃப் ஃபேம் தேர்தலில் முதல் முயற்சியிலேயே 91.7 சதவீத ஓட்டு. புதிய புள்ளிவிவரக்காரர்கள் ஃபீல்டிங்கையும் ரன்னாக மாற்றிக் கணக்குப் போடுகிறார்கள், அந்தப் பட்டியல்களிலும் அவர் உச்சியில்தான் இருக்கிறார். ஹெர்சாக் 1982இல் கணினி இல்லாமல் சொன்னதும் இதைத்தான்.

வீடியோ பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒரு யோசனை. குட்டிக்கரணத் தொகுப்புகளை விட்டுவிட்டு 1985, 1987 அக்டோபர் ஆட்டங்கள் முழுசாகக் கிடைத்தால் அவற்றைப் பாருங்கள். ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட்டாக்கும் டபுள் பிளே வரும்போது பந்தைப் பார்க்காமல் ஸ்மித்தின் காலை மட்டும் கவனியுங்கள். இரண்டாவது பேஸைத் தொட்டு, சறுக்கி வருகிற ஆளுக்கு மேலே எம்பி, காற்றிலேயே எறிந்துவிட்டு எங்கே இறங்குகிறார் என்று பாருங்கள். நாலைந்து தடவை பார்த்தால் தோள் எவ்வளவு குறைவாக வேலை செய்கிறது என்பது புரிந்துவிடும்.